சுணங்கி நிற்கும் கோழி: வீட்டில் பார்ப்பதா, மருத்துவரிடம் போவதா, விட்டுவிடுவதா?

கூட்டத்தோடு மேயாமல் ஒரு கோழி மட்டும் ஒதுங்கி நிற்கிறது. இறகெல்லாம் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, பட்டப்பகலில் கண் செருகி நிற்கிறது. நேற்று மாலை தீனிக்கு முதலில் ஓடிவந்ததும் இதே கோழிதான். இனி என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் இதை இரண்டு வழிக் கேள்வியாகப் பார்க்கிறார்கள்: வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பதா, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதா. நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். சில கோழிகள் செத்து, சில பிழைத்த பிறகுதான் புரிந்தது, 'வீட்டு வைத்தியம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு வேலைகளை. ஒன்று பண்டுவம். தனியாக வைத்து, சூடு கொடுத்து, தண்ணீர் காட்டி, காயத்தைக் கழுவி, பேனை ஒழித்து, உடம்பு தானே தேற வழிவிடுவது. இன்னொன்று, என்ன நோய் என்றே தெரியாமல் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பது. பண்டுவம் பல கோழிகளைக் காப்பாற்றும். குருட்டு மருந்து என் கணக்கில் எல்லா வழிகளிலும் மோசமானது, சும்மா விட்டுவிடுவதைவிடவும் மோசம். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் மீதி முடிவுகள் கொஞ்சம் சுலபமாகும்.

முதல் அரை மணி நேரம்

எந்த வழியில் போனாலும் இது பொது. கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. பலவீனம் தெரிந்தால் கூட்டத்திலேயே கொத்து விழும், வேட்டையாடும் மிருகத்தின் கண்ணும் அதன்மேல்தான் விழும். அதனால் முடிந்தவரை நடித்துக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு நோயாளியாகத் தெரியும்போது அது பல நாளாக நோயோடு இருந்திருக்கலாம். 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்பதில் உள்ள ஆபத்து இதுதான். அந்த இரண்டு நாளைக் கோழி ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

ஆக, முதலில் தூக்கித் தனியே வையுங்கள். காற்றோட்டமான பெட்டி, அடியில் சுத்தமான துணி அல்லது வைக்கோல், ஒரு பக்கம் மட்டும் சூடு. நோயான பறவைக்கு 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இதமாக இருக்கும். சூடு அதிகமானால் விலகிப்போக மறுபக்கம் இடம் வேண்டும். தனியே வைப்பது மற்றவைக்குப் பரவாமல் தடுக்க மட்டும் இல்லை. எவ்வளவு தின்றது, எவ்வளவு குடித்தது, எப்படி எச்சமிட்டது என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள். கொண்டையின் நிறம், கண்ணில் நுரை, மூக்கில் நீர், வாய்க்குள் மஞ்சள் படிவு. கழுத்தடியில் தீனிப்பை: நலமான கோழிக்கு மாலையில் நிரம்பியிருக்கும், காலையில் காலியாகியிருக்கும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை இல்லாமல் கத்தி முனை போல இருந்தால் நோய் நேற்று வந்ததில்லை. வயிறு வீங்கி நீர் கோத்திருக்கிறதா, கழிவாயைச் சுற்றி இறகு ஒட்டிக் கிடக்கிறதா, அங்கே இறகின் வேரில் பேன் முட்டைகள் கொத்தாக இருக்கின்றனவா, பாதத்தின் அடியில் கறுப்புத் தழும்பு உண்டா. கடைசியாகத் தராசு. சமையலறைத் தராசில் அன்றன்றைக்கு எடை போட்டுக் குறித்துவந்தால், அது சொல்வதை வேறு எந்த அறிகுறியும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

இன்னொன்று. கோழியைத் தொட்டால் சுடும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை தேடாதீர்கள். அதன் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் கைக்கு எல்லாக் கோழியும் காய்ச்சல் கோழிதான்.

எச்சத்திலும் இப்படி ஒரு பொய் பயம் உண்டு. எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒரு முறை பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றமெடுக்கும் எச்சம் வரும். அது குடல்வால் எச்சம், நோய் இல்லை. பச்சை எச்சம் என்றால் பெரும்பாலும் வயிற்றில் தீனி இல்லாமல் பித்தம் மட்டும் இறங்குகிறது என்று பொருள். கோழி தின்னவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் தின்னவில்லை என்பதைச் சொல்லாது.

சும்மா விட்டுப் பார்ப்பது

இது சோம்பேறித்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சில நேரம் இதுதான் சரியான வழி.

அடைக்கு உட்கார்ந்த கோழியை நோய் என்று நினைத்துக் கலங்கியவர்கள் நிறைய. கூட்டைவிட்டு எழாது, தீனி குறையும், கொண்டை வெளுக்கும், நாளுக்கு ஒரு முறை இறங்கி மலைபோல் ஒரு எச்சம் போடும். ஆனால் கையை நீட்டினால் இறகை விரித்துச் சீறும். நோயான கோழிக்குச் சீறத் தெம்பிருக்காது. இறகு உதிர்க்கும் பருவத்திலும் கோழி பார்க்கப் பரிதாபமாக இருக்கும், முட்டையும் நிற்கும். இவற்றுக்கு மருந்து வேண்டாம்.

உலர்ந்த அம்மையும் ஏறக்குறைய இந்த வகைதான். கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் வந்து கறுத்துப் பொருக்குத் தட்டும். வைரஸ் நோய். கொசு கடித்துப் பரவும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும். பொருக்கை உரித்தால் புண்ணும் பெரிதாகும், வைரஸும் பரவும். ஆனால் அதே அம்மை வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக இறங்கினால் கதை வேறு. மூச்சடைத்துச் சாகலாம். வெளியே பார்த்து 'அம்மைதான்' என்று விட்டுவிடாமல் வாயையும் திறந்து பாருங்கள்.

இந்த வழிக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: கோழி தின்ன வேண்டும். காலையில் தீனிப்பை காலியாகி மாலையில் நிரம்புகிற கோழியைப் பொறுத்துப் பார்க்கலாம். தின்னாத கோழியைப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

பண்டுவம்

வீட்டுக்கு உண்மையான பலம் உள்ள இடம் இது. கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு எதுவானாலும், பெரும்பாலும் வீட்டில் பார்க்கலாம் என்பது என் அனுபவம்.

பேன், செல் (உண்ணி வகையைச் சேர்ந்த மிகச் சின்னப் பூச்சி) விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளுத்த கொண்டையோடு சோர்ந்து நிற்கும் கோழிகளில் எத்தனைக்கு உள்நோய் இருக்காது, இரத்தம்தான் போயிருக்கும் என்று கணக்கெடுத்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். பேன் கோழியின் மேலேயே குடியிருப்பதால் பகலில் இறகை ஒதுக்கினால் ஓடும். சிவப்புச் செல் அப்படியில்லை. பகலெல்லாம் அடையும் கம்பின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். பகலில் கோழியை எவ்வளவு புரட்டினாலும் ஒன்றும் தெரியாது. இரவில் கூண்டுக்குள் டார்ச் அடித்துக் கம்பின் அடிப்புறத்தைத் தடவ வேண்டும். விரலில் இரத்தக் கோடு விழுந்தால் அதுதான். இதற்குக் கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. கூண்டுக்குப் போட வேண்டும். இரத்தமே குடிக்காமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால் கூண்டைக் கொஞ்ச நாள் காலியாக விட்டும் ஏமாற்ற முடியாது. செல்லின் முட்டைகளை மருந்து கொல்லாது. ஆகவே ஏழு முதல் பத்து நாளில் மறுபடி ஒரு சுற்று. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த பொடி, தெளிப்பான் எதையும் அதன் பக்கம் விடாதீர்கள். கோழி தாங்கும் மருந்து பூனையைக் கொல்லும்.

காலில் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் அதுவும் ஒருவகைச் செல். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்து, வாசலினைத் தடித்துப் பூசிக்கொண்டே வந்தால் மூச்சடைத்துச் சாகும். பொறுமைதான் தேவை, வாரக்கணக்கில்.

முட்டைச் சிக்கலில், அதாவது முட்டை வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்போது, இப்படி நிதானமாக இருக்க முடியாது. கோழி அடிக்கடி முக்கும், வாலைத் தாழ்த்தி பென்குயின்போல் நிமிர்ந்து நிற்கும், கூட்டுக்குள் போய்ப் போய் வெறுமனே வரும். என்னிடமிருந்த செவலை ஒன்று இப்படித்தான் நின்றது. சளியாக இருக்கும் என்று நினைத்து, முன்பு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாடிக் தூளைத் தண்ணீரில் கலந்து இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. தூக்கும்போது அடிவயிற்றில் முட்டை கையில் தட்டுப்பட்டது. விரலை வைத்து ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எந்த மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்னும் அடிவயிற்றைத் தொட்டுவிடுகிறேன்.

ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 24 முதல் 26 மணி நேரம். அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு உருவாகவே போகிறது. ஒரு ஓட்டில் இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். அது குறைந்தால் ஓடு மெலிவது மட்டுமில்லை, முட்டையைத் தள்ளும் தசைக்கும் வலு போய்விடும். வீட்டில் செய்யக்கூடியது: அடிப்பாகம் மூழ்கும்படி வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் உட்காரவைத்து, துடைத்து, கழிவாயில் வழுவழுப்பான ஜெல் தடவி, வாய்வழிக் கால்சியம் கொடுத்து, இருட்டான இதமான இடத்தில் தனியே விடுவது. அடுத்து வந்த ஒரு கோழி இரண்டாவது குளியலுக்குப் பிறகு முட்டையிட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தீனிக்கு வந்தது. அழுத்திப் பிதுக்கக் கூடாது. உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு கருக்குழாயைக் கிழிக்கும். இரண்டு முறை முயன்றும் சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் பண்டுவம் தோற்றது என்று ஒப்புக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். விட்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம்.

தீனிப்பை அடைப்பிலும் இதே கதை, கொஞ்சம் மெதுவாக. காலையில் தொட்டால் கல்லுபோல் உருண்டையாக இருந்தால் நீளப் புல்லோ நாரோ சிக்கியிருக்கும். தண்ணீரும் சில துளி எண்ணெயும் கொடுத்து நாளுக்கு நாலு முறை மெல்லப் பிசைந்துவிட்டால் இளகலாம். தண்ணீர்ப் பலூன்போலத் தொளதொளவென்று, வாயில் புளித்த நாற்றத்தோடு இருந்தால் அது நொதித்துக் காளான் பிடித்த தீனிப்பை. பெரும்பாலும் வேறு ஏதோ கோளாறின் விளைவு. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். செய்யாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. வரும் நீர் அதற்குள் போனால் கோழி உங்கள் கையிலேயே சாகும். தண்ணீர் புகட்டும்போதும் இதே எச்சரிக்கைதான். வாயைப் பிளந்து ஊற்றாமல், அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அதுவே உறிஞ்சும்.

பாதப் புண் ஆரம்பத்தில் இருந்தால் எப்சம் உப்பு நீரில் ஊறவைத்துக் கட்டுப்போடலாம். உள்ளே சீழ்க்கட்டி இறுகியிருந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். வலி மருந்தில்லாமல் அதை வீட்டில் அறுப்பதை நான் பண்டுவத்தில் சேர்க்க மாட்டேன்.

குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல் கொஞ்சம் எல்லைக்கோட்டில் நிற்பது. குஞ்சு மூன்று வாரத்தைத் தாண்டியதும் சிறகு தொங்கி, குந்தி உட்கார்ந்து, எச்சத்தில் இரத்தம் வந்தால் சந்தேகம் அதன்மேல்தான். ஆம்ப்ரோலியம் மருந்து நன்றாக வேலை செய்யும். வைட்டமின் பி1 போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுவதுதான் அதன் வேலை. அதனால் கூடவே 'தெம்புக்கு' என்று பி வைட்டமின் டானிக் ஊற்றினால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியதாகும். ஈரப் படுக்கையில் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் ஓரிரு நாளில் முற்றித் தொற்றத் தயாராகிவிடும், சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. மருந்தோடு படுக்கையையும் மாற்றி உலர்வாக வைக்காவிட்டால் அடுத்த வாரம் திரும்பவும் இரத்தம்தான். முடிந்தால் எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து உறுதி செய்துகொண்டு மருந்தைத் தொடங்குங்கள். கோழியைத் தூக்கிப்போகாமல் எச்சத்தை மட்டும் கொடுத்துப் பதில் வாங்கக்கூடிய பரிசோதனை இது.

பூண்டு, மஞ்சள், காடி பற்றிக் கேட்பவர்களுக்கு: மேல்காயத்தில் மஞ்சள் பூசுவதால் கெடுதல் இல்லை. முட்டைச் சிக்கலுக்கோ, வைரஸுக்கோ, வயிற்றுக்குள் பரவிய சீழுக்கோ பூண்டு எதுவும் செய்யாது. இவற்றின் ஆபத்து இவற்றில் இல்லை. 'ஏதோ கொடுத்துவிட்டோம்' என்ற நிம்மதியில் ஒரு நாள் ஓடிவிடுகிறதே, அதில் இருக்கிறது.

குருட்டு மருந்து

ஏன் இதை இவ்வளவு திட்டுகிறேன் என்றால், இதுதான் எல்லோரும் முதலில் எடுக்கும் வழி. தும்மலுக்கும் அதே தூள், கழிச்சலுக்கும் அதே தூள், நொண்டலுக்கும் அதே தூள்.

கோழி சோர்ந்து நிற்பதற்கான காரணங்களை எண்ணிப் பாருங்கள்: செல், குடல்புழு, முட்டைச் சிக்கல், தீனிப்பை அடைப்பு, வைரஸ், கட்டி, வெப்பம், விஷம். இவற்றில் எதற்கும் ஆன்டிபயாடிக் மருந்தில்லை. பாக்டீரியாவாகவே இருந்தாலும் சரியான மருந்து, சரியான அளவு, சரியான நாள் கணக்கு வேண்டும். நோயான கோழி குறைவாகக் குடிக்கும். தண்ணீரில் கலந்த மருந்து அதற்கு அரைகுறையாகத்தான் போகும். நலமான கோழிகள்தான் முழு அளவு குடிக்கும். மைக்கோபிளாஸ்மாபோன்ற மூச்சு நோயில் சரியான மருந்தே கொடுத்தாலும் அறிகுறிதான் அடங்கும். கோழி உயிரோடிருக்கும்வரை கிருமியைச் சுமந்து மற்றவைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். குணமாகிவிட்டது என்று நாம் நினைத்துப் புதுக் கோழியை உள்ளே விடுவோம்.

அப்புறம் முட்டை. ஒரு மஞ்சள் கரு வளர்ந்து முடிய பத்து நாள் அளவுக்கு ஆகும். மருந்து கொடுத்த நாளில் உள்ளே வளர்ந்துகொண்டிருந்த கருக்கள் அத்தனையிலும் அது சேரும். மருந்தை நிறுத்திய பிறகு வரும் முட்டைகளிலும் இருக்கும். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சில மருந்துகளை முட்டைக்கோழிக்குக் கொடுக்கவே கூடாது. என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குத் தருவதை அமெரிக்கா 2005-இல் நிறுத்தியதற்குக் காரணம், மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் கிருமி அந்த வகை மருந்துக்கு அசையாமல் போனதுதான். கொல்லையில் நாலு கோழிக்குப் போடும் தூளும் அதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது.

இன்னொரு நஷ்டம் யாரும் சொல்லாதது. இரண்டு நாள் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போனால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை பல நேரம் பொய்த்துவிடும். நோயும் போகாமல், நோய் எது என்பதும் தெரியாமல் போகும்.

மருத்துவரிடம் போவது

வீட்டில் கிடைக்காத மூன்று அங்கே கிடைக்கும்: நோயறிதல், வலி மருந்து, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி. மூன்றாவதுதான் முட்டைக்கோழிக்கு முக்கியம். காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒன்றிரண்டு அடை முட்டையிடுவதோடு நின்றுவிடும். நவீன முட்டையினங்கள் 300-ஐத் தொடும். அந்த உழைப்பின் விலை இரண்டு மூன்று வயதில் தெரியும். கருக்குழாயில் சீழ், வயிற்றுக்குள் தவறி விழுந்த மஞ்சள் கரு அழுகுவது, கருப்பைக் கட்டி. வயிறு நீர்ப்பைபோல் தொங்கும், கோழி அகலக் கால் வைத்து நடக்கும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. மருத்துவர் நீரை இறக்கலாம், வீக்கமும் வலியும் குறைக்கலாம், முட்டையிடுவதையே சில மாதம் நிறுத்தும் ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைக்கலாம். இவையும் பெரும்பாலும் கொஞ்ச காலத்தை வாங்கித் தருவதுதான். முழுக் குணம் அரிது. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

குறைகளும் உண்டு. எல்லாக் கால்நடை மருத்துவரும் கோழி பார்த்துப் பழகியவர் இல்லை. நாய் பூனைக்கே நேரம் போதாத இடத்தில் கோழியை நீட்டினால், கூண்டிலிருந்தே பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதித் தருவதும் நடக்கும். எனக்கே நடந்திருக்கிறது. அப்படியானால் நாம் வீட்டில் செய்திருக்கக்கூடிய குருட்டு வைத்தியத்துக்குப் பயணத்தையும் செலவையும் சேர்த்துக் கொடுத்ததாகிறது. அதனால் கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள்: கோழி பார்ப்பீர்களா, எச்சம் அங்கேயே பரிசோதிப்பீர்களா? எடைக் குறிப்பு, எச்சத்தின் படம், முட்டையிட்ட கடைசி நாள், இதுவரை கொடுத்த மருந்து, இவ்வளவும் கையில் இருந்தால் அந்தச் சந்திப்பு இரண்டு மடங்கு பயன் தரும்.

செலவு பற்றிக் கூச்சப்படாமல் யோசிக்கலாம். வளர்ப்புக் கோழி ஒன்றே ஒன்று, பெயர் வைத்துப் பழகியது என்றால் அந்த ஒன்றுக்காகச் செலவழிப்பதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருபது கோழி இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இந்த ஒன்று பிழைக்குமா என்பதைவிட, மீதிப் பத்தொன்பதுக்கு வருமா என்பது பெரிது.

தொடவே கூடாத இடம்

சில அறிகுறிகள் வந்தால் வீட்டுப் பண்டுவமும் வேண்டாம், கோழியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி திடீரென்று சாவது. தலை வீங்கிக் கொண்டை நீலம் பாய்வது. பச்சைக் கழிச்சலோடு மூச்சுத் திணறி, கழுத்து முறுக்கிக்கொள்வது. ராணிக்கெட் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். இரண்டுமே அரசுக்கு உடனே தெரிவிக்க வேண்டிய நோய்களில் பெரும்பாலான நாடுகளில் இருக்கின்றன. ராணிக்கெட் வைரஸ் மனிதருக்குக் கண் வலி தரும். பறவைக் காய்ச்சல் அதற்கும் மேல். வெறுங்கையால் தொடாமல், அறுத்துப் பார்க்காமல், எதையும் வெளியே கொண்டுபோகாமல் கால்நடைத் துறைக்குப் போன் செய்வது ஒன்றுதான் வழி. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மறைப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துப் புதைக்கிறார்கள்.

மற்ற நோய்களிலும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நலமான கோழியும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். கோழியை ஊறவைத்த தொட்டி சமையலறைக்குள் திரும்பி வரக் கூடாது.

முடித்துவைப்பது

ஒப்பிடும்போது இந்த வழியை யாரும் மேஜையில் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை, ஒரு முறை அதற்காக ஒரு கோழி மூன்று வாரம் கஷ்டப்பட்டது. நாலு மாதக் கறுப்பு விடைக்கோழி. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிட்டது. மேரக் நோயின் பாடப்புத்தகத் தோற்றம் அது. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசப் மேரக் 1907-இல் முதலில் விவரித்தது. பின்னாளில் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் என்று தெரிந்தது. மருந்தில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த உடனே போடும் தடுப்பூசி கட்டிகளையும் வாதத்தையும் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. இதெல்லாம் தெரிந்தும் நான் ஊட்டிவிட்டேன், துணி மாற்றினேன், காலைப் பிடித்துவிட்டேன். எடை மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. அதன் இறகுத் தூசியில் வைரஸ் பரவிக்கொண்டிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழ முடியாமல், தின்ன மனமில்லாமல், எடை இறங்கிக்கொண்டே போகும் கோழிக்கு முடித்துவைப்பதும் ஒரு சிகிச்சைதான். கழுத்தெலும்பைச் சட்டென்று விலக்குவது தெரிந்தவர் செய்தால் நொடியில் முடியும். தெரியாதவர் கற்றுக்கொள்ளும் இடம் நோயான கோழியின் கழுத்து இல்லை. மருத்துவர் ஊசி போட்டு முடிக்கலாம். அந்த உடலை நாயோ நரியோ தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். தின்ற பிராணியையும் அந்த மருந்து கொல்லும்.

பல கோழி வைத்திருப்பவர்களுக்கு இதோடு சேர்ந்த இன்னொரு வழி உண்டு. செத்த கோழியைப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொடுப்பது. உயிரோடிருந்தபோது பத்து நாள் ஊகித்தும் கிடைக்காத பதில் பல நேரம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். மீதிக் கூட்டத்துக்கு அந்தப் பதில்தான் மருந்து. உடலைக் குளிரவைக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து பார்க்க உதவாது. கூடிய சீக்கிரம், முடிந்தால் அன்றே, கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.

தேறிய கோழியைத் திரும்ப விடுவது

பிழைத்த கோழியிலும் ஒரு முடிவு பாக்கியிருக்கிறது. ஒரு வாரம் தள்ளி இருந்தாலே கூட்டத்தில் அதன் இடம் போயிருக்கும். பட்டப்பகலில் நேரே விட்டால் கொத்தி இரத்தம் காட்டிவிடும். தின்று எடை ஏறி, எச்சம் சரியாகி, மருந்து நிறுத்தி, முட்டை ஒதுக்கும் நாளையும் எண்ணத் தொடங்கிய பிறகு, கோழியைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஓரிரு நாள் வைத்து மற்றவை பார்க்கட்டும். பிறகு எல்லாம் அடைந்த நேரத்தில், இருட்டில், கம்பின் மேல் ஏற்றிவிடுங்கள். முதல் சில நாள் தீனித் தட்டு இரண்டு, தண்ணீர்த் தட்டு இரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி. அதிகாரம் செய்யும் கோழி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுக்குக் காவல் நிற்க முடியாது.